கம்ப்யூட்டர் பெட்டிக்கு வண்ணச் சட்டை! பெயிண்ட் டப்பாவுக்குள் இருப்பது என்ன?

கம்ப்யூட்டர் வாங்கிப் பத்து வருடம் ஆகிவிட்டது. உள்ளே இருக்கும் எந்திரம் நன்றாகத்தான் ஓடுகிறது. அப்பா கணக்கு எழுதுகிறார். பையன் பாடம் படிக்கிறான். தங்கச்சி படம் வரைகிறாள். ஆனால், பெட்டி?

பெட்டியைப் பார்த்தால் அழுகை வருகிறது! பக்கத் தகட்டில் நீளமாக ஒரு கீறல். முன்பக்கத்துப் பிளாஸ்டிக் மஞ்சள் பூத்துவிட்டது. வீடு துடைக்கும் தண்ணீர் பட்டு, அடி ஓரம் துருப்பிடித்துவிட்டது.

"புதுப் பெட்டி வாங்கலாம்" என்கிறான் பையன்.

"ஓடுகிற பொருளை ஏன் மாற்ற வேண்டும்?" என்கிறார் அப்பா.

இரண்டு பேருக்கும் சமாதானமாக ஒரு வழி இருக்கிறது. கடையில் பெயிண்ட் டப்பா விற்கிறது. கையால் அழுத்தினால், "புஸ்" என்று புகை போல வண்ணம் வரும் டப்பா. பிரஷ் வேண்டாம். பெயிண்டர் வேண்டாம். சில நூறு ரூபாயில் பெட்டி புதிதாகிவிடும். சிவப்பு, நீலம், கறுப்பு, வெள்ளி, எந்த நிறம் வேண்டுமானாலும் கிடைக்கும்.

பையன் டப்பாவை வாங்கி வந்துவிட்டான். இனி அவன் என்ன செய்வான்?

பெட்டியைத் தன் அறையில் வைப்பான். தூசி வரக்கூடாது அல்லவா? கதவைச் சாத்துவான். ஜன்னலையும் சாத்துவான். மின்விசிறியை நிறுத்துவான். தரையில் பழைய பத்திரிகைத் தாளை விரிப்பான். டப்பாவைக் குலுக்கி அடிக்க ஆரம்பிப்பான்.

பக்கத்தில் சமையல் அறை. அங்கே அம்மா பால் காய்ச்சிக்கொண்டு இருக்கிறார். பூஜை மாடத்தில் விளக்கு எரிகிறது.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது!

அடுப்பு காஸ்

அந்த டப்பாவுக்குள் இருப்பது பெயிண்ட் மட்டும் அல்ல. பெயிண்டை வெளியே தள்ளுவதற்கு ஒரு காஸ் வேண்டும். அந்த காஸ் எது தெரியுமா?

புரோபேன், பியூட்டேன் என்ற காஸ்கள். வீட்டில் அடுப்பு எரிக்கும் சிலிண்டருக்குள் இருப்பதும் இதே புரோபேன், பியூட்டேன்தான்! சில டப்பாக்களில் டை மெத்தில் ஈதர் என்ற வேறு காஸ் இருக்கும். அதுவும் எரியக்கூடியதே.

ஆகவே, கதவைச் சாத்திக்கொண்டு பெயிண்ட் அடிப்பதும், கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பு காஸைத் திறந்துவிடுவதும் ஒரே மாதிரியான காரியம்தான்.

இன்னும் ஒரு சங்கதி உண்டு. அடுப்பு காஸ் கசிந்தால் மூக்கு சொல்லிவிடுகிறது. "ஏதோ நாற்றம் வருகிறதே" என்று அம்மா ஓடிப்போய் சிலிண்டரை மூடுகிறார். அந்த நாற்றம் காஸின் சொந்த நாற்றம் அல்ல. கசிவு தெரியவேண்டும் என்பதற்காகவே, மெர்காப்டன் என்ற பொருளைக் கம்பெனியில் கலந்து அனுப்புகிறார்கள். பெயிண்ட் டப்பாவுக்குள் போகும் காஸில் அந்த எச்சரிக்கை நாற்றம் கிடையாது! பெயிண்ட் வாசனை மட்டும்தான் வரும். காஸ் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று மூக்கினால் கண்டுபிடிக்க முடியாது.

இந்தக் காஸ்கள் காற்றைவிடக் கனமானவை. ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை கனம். அதனால் மேலே போகாது. தண்ணீரைப் போலத் தரையில் படியும். கதவு இடுக்கு வழியாக அடுத்த அறைக்கு நகரும். அங்கே அடுப்பு எரிந்தால் போதும். விளக்கு எரிந்தாலும் போதும். சுவிட்சைப் போடும்போது உள்ளே வருகிற சிறு பொறி கூடப் போதும்!

வண்ணம் கரைந்திருக்கும் திரவமும் எரியக்கூடியதுதான். அசிட்டோன், டொலுயீன், சைலீன் போன்ற கரைப்பான்கள் அவை. மூச்சில் போனால் தலை வலிக்கும், மயக்கம் வரும், குமட்டும்.

வீட்டுக்குள் அடிக்கவே கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

மனைவி சொன்ன யோசனை

இந்தப் பெயிண்ட் டப்பா எப்படி வந்தது? அது ஒரு சுவையான கதை.

அழுத்தினால் பீய்ச்சும் டப்பாவை முதலில் யோசித்தவர் நார்வே நாட்டைச் சேர்ந்த எரிக் ராத்தைம் என்ற என்ஜினீயர். அது 1920-களில். அந்த நாளில் அதற்கு அவ்வளவு மவுசு இல்லை.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. பசிபிக் தீவுகளில் சண்டை போட்ட அமெரிக்கச் சிப்பாய்களுக்கு எதிரியைப் போலவே கொசுவும் தொல்லை கொடுத்தது. மலேரியா பிடித்துப் படுத்தார்கள். அமெரிக்க விவசாய இலாகாவில் வேலை பார்த்த லைல் குட்ஹியூ, வில்லியம் சல்லிவன் என்ற இருவர், கொசு மருந்தை டப்பாவில் அடைத்துப் பீய்ச்சும் வழியைக் கண்டுபிடித்தார்கள். சிப்பாய்கள் அதைக் கூடாரத்தில் அடித்துவிட்டுத் தூங்கினார்கள்.

கொசு மருந்துக்கும் பெயிண்டுக்கும் என்ன சம்பந்தம்?

சிகாகோவுக்கு மேற்கே சிக்கமோர் என்ற சிறிய ஊர் இருக்கிறது. அங்கே எட்வர்ட் சீமோர் என்ற பெயிண்ட் வியாபாரி இருந்தார். குளிர் நாடு அல்லவா? வீட்டைச் சூடாக்க, வெந்நீரும் நீராவியும் ஓடும் இரும்புக் குழாய்ச் சட்டங்களைச் சுவர் ஓரம் வைத்திருப்பார்கள். அதற்குப் பூசுவதற்காக சீமோர் ஓர் அலுமினியப் பெயிண்ட் தயாரித்தார். அதைக் கடைக்காரர்களுக்கு அடித்துக் காட்டவேண்டும். பிரஷ், வாளி என்று தூக்கிக்கொண்டு அலையாமல், சுலபமாகக் காட்ட ஒரு வழி வேண்டும்.

அவர் மனைவி பெயர் போனி. "பீய்ச்சும் டப்பாவில் பெயிண்டை அடைத்தால் என்ன?" என்ற யோசனை அவருக்குத்தான் தோன்றியது!

1949-ம் ஆண்டு கணவர் அதைச் செய்து பார்த்தார். பெயிண்டைவிட டப்பாவுக்குத்தான் கிராக்கி வந்தது! சீமோர் டப்பாப் பெயிண்ட் வியாபாரத்தில் இறங்கினார். கார் பட்டறை முதல் கம்ப்யூட்டர் பெட்டி வரை இன்று பயன்படும் டப்பாக்கள் எல்லாம் அந்த யோசனையின் பேரப் பிள்ளைகள்தான்.

வானத்தில் ஓட்டை

அந்தக் காலத்து டப்பாக்களில் எரியாத காஸ்தான் பெரும்பாலும் இருந்தது. குளோரோ புளூரோ கார்பன் என்று அதற்குப் பெயர். எரியாது. விஷம் இல்லை. நாற்றம் இல்லை. "இதைவிட நல்ல காஸ் ஏது?" என்று எல்லாரும் நினைத்தார்கள்.

1974-ம் ஆண்டு மரியோ மோலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்கள். "இந்தக் காஸ் அழியாமல் வானத்தின் உயரத்துக்குப் போகிறது. அங்கே இருக்கும் ஓசோன் படலத்தை அரிக்கிறது" என்பதே அவர்கள் சொன்ன செய்தி. சூரியனின் கொடிய கதிர்களைத் தடுத்து நிறுத்துவது அந்தப் படலம்தான்.

1978-ம் ஆண்டு அமெரிக்கா, பீய்ச்சும் டப்பாக்களில் அந்தக் காஸைப் பெரும்பாலும் தடை செய்தது. 1987-ம் ஆண்டு கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரில் உலக ஒப்பந்தம் ஏற்பட்டது. இந்தியா 1992-ம் ஆண்டு அதில் சேர்ந்தது. மோலினாவும் ரோலண்டும் 1995-ம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்கள்.

டப்பாக் கம்பெனிகள் வேறு காஸைத் தேடின. விலை மலிவு. ஓசோனைத் தொடாது. எது? அடுப்பு காஸ்!

வானம் பிழைத்தது. தீ டப்பாவுக்குள் வந்து உட்கார்ந்தது.

மொட்டை மாடி

சரி, எங்கே அடிப்பது? மொட்டை மாடி நல்ல இடம். கொல்லைப்புறமும் நல்லது. காற்று ஓடவேண்டும், ஆனால் சுழற்றி அடிக்கக்கூடாது.

குளிர்ப்பெட்டி வந்த பெரிய அட்டைப் பெட்டி இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதைப் பக்கவாட்டில் படுக்கப் போட்டு, உள்ளே தகட்டை வைத்து அடித்தால், வண்ணம் காற்றில் பறக்காது. பக்கத்து வீட்டு அம்மாள் வெள்ளைப் புடவை காயப்போட்டிருந்தால், இந்த அட்டைப் பெட்டியின் அருமை தெரியும்! கீழே நிற்கும் காரில் புள்ளி விழுந்தால், புதுக் கம்ப்யூட்டர் பெட்டியைவிடச் செலவு அதிகம் ஆகிவிடும்.

பீடி, சிகரெட் பக்கத்தில் வரக்கூடாது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரவேண்டாம்.

மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பவர்கள் உண்டு. மருத்துவமனை முகமூடி போட்டுக்கொள்பவர்களும் உண்டு. அவை பெயிண்ட் துளியைக் கொஞ்சம் தடுக்கும். கரைப்பானின் ஆவியைத் தடுக்காது. கரி அடைத்த வடிகட்டி வைத்த முகமூடிதான் ஆவியைத் தடுக்கும். அது இல்லாவிட்டால், காற்று முதுகுப்பக்கம் இருந்து வரும்படி நின்று கொள்ளவேண்டும். ஒரு தடவை அடித்ததும் விலகிப்போய்விட வேண்டும்.

தோல் உரிப்பது

கம்ப்யூட்டரை அப்படியே வைத்து மேலே அடிக்கலாமா? கூடவே கூடாது! பெயிண்ட் துளி விசிறிக்குள் போகும். சொருகும் ஓட்டைகளை அடைக்கும். கம்ப்யூட்டரின் கதை முடிந்துவிடும்.

முதலில் பிளக்கைப் பிடுங்கவேண்டும். எல்லா ஒயர்களையும் கழற்றவேண்டும். எது எங்கே இருந்தது என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் பிற்பாடு திண்டாட வேண்டாம். திருகாணிகளைச் சிறு கிண்ணங்களில் போட்டு, எந்த இடத்துத் திருகாணி என்று சீட்டு எழுதி வைக்கவேண்டும்.

இரண்டு பக்கத் தகடுகளும் சுலபமாக வந்துவிடும். முன்பக்கத்துப் பிளாஸ்டிக்கும் கொஞ்சம் இழுத்தால் வரும். வீட்டில் அடிப்பவர்களுக்கு இந்த மூன்றும் போதும். "உள்கூட்டுக்கும் அடிப்பேன்" என்று பையன் நிற்பான். அதற்கு எந்திரம் முழுவதையும் வெளியே எடுக்கவேண்டும். கை பழகாதவர்கள் அந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது.

மின்சாரம் வரும் இரும்புப் பெட்டி ஒன்று பின்பக்கம் இருக்கும். எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். அதன் மூடியை மட்டும் யாரும் திறக்கக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்!

உள்கூட்டுக்கும் அடித்தே தீருவேன் என்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. சில வீடுகளில் கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால், கை "ஜிவ்" என்று இழுக்கும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் இருந்து சிறிது மின்சாரம் தகட்டுக்கு வருவதுதான் காரணம். அதைப் பூமிக்கு அனுப்புவது மூன்றாவது ஊசி, அதாவது எர்த் கம்பி. இரும்பும் இரும்பும் நன்றாகத் தொட்டுக்கொண்டு இருந்தால்தான் அந்த வழி திறந்திருக்கும். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. எஸ்.எம்.பி.எஸ். உட்காரும் இடம், எந்திரப் பலகையைத் தாங்கும் சிறு கால்கள், திருகாணி ஓட்டைகள், இவை எல்லாவற்றையும் பேப்பர் டேப்பால் மூடிவிட்டுத்தான் அடிக்கவேண்டும். அங்கே வெறும் இரும்பு வெறும் இரும்பாகவே இருக்கட்டும்.

உப்புத்தாள்

அடிப்பது ஐந்து நிமிட வேலை. அதற்கு முன்னால் இருக்கிற வேலைதான் பெரிது. பெயிண்டர்களைக் கேட்டால் இதைத்தான் சொல்வார்கள். பையன்களுக்கு இந்தப் பகுதி பிடிக்காது.

பத்து வருடமாகக் கைபட்டுத் தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும். பாத்திரம் துலக்கும் சோப்பு போட்டுக் கழுவவேண்டும். நன்றாகத் துடைத்து, ஈரம் போகக் காயவைக்க வேண்டும்.

பிறகு, உப்புத்தாள். 320-ம் நம்பர் அல்லது 400-ம் நம்பர் தாள் போதும். பழைய பெயிண்ட் முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டியது இல்லை. கம்பெனியில் அடுப்பில் சுட்டு ஏற்றிய பூச்சு அது. லேசில் போகாது. போகவும் வேண்டாம். அதன் பளபளப்பு மட்டும் போகவேண்டும். கண்ணாடி போல் இருக்கும் இடத்தில் பெயிண்டுக்குப் பிடிப்பு கிடையாது. மேலே சிறு சிறு கீறல் விழுந்தால், அதில் பெயிண்ட் கால் ஊன்றிக்கொள்ளும். துரு இருக்கும் இடத்தில் மட்டும் முரட்டுத் தாள் போட்டு, இரும்பு தெரியத் தேய்க்கவேண்டும்.

இப்போது ஓர் அதிசயம்!

பெரும்பாலான கம்ப்யூட்டர் பெட்டிகளின் தகடு, துத்தநாகம் பூசிய இரும்பு. துரு பிடிக்காமல் இருப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். வெறும் துத்தநாகத்தின் மேல் எண்ணெய்ப் பெயிண்ட் அடித்தால் என்ன ஆகும்? பார்க்க நன்றாகத்தான் இருக்கும். சில மாதம் கழித்துத் தோல் தோலாக உரிந்து வரும்.

காரணம், சோப்பு! எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு உண்டாகும். காற்றின் ஈரம் பட்ட துத்தநாகத்தில் காரக் குணம் இருக்கிறது. பெயிண்டில் எண்ணெய் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து, பெயிண்டுக்கு அடியில் மெல்லிய சோப்புப் படலம் உண்டாகிவிடுகிறது. அதன் மேல் பெயிண்ட் எப்படி நிற்கும்?

அதனால், உலோகம் தெரியும் இடத்துக்கு முதலில் பிரைமர் வேண்டும். "துத்தநாகத் தகட்டுக்கு ஏற்ற பிரைமர்" என்று கடையில் கேட்டு வாங்கவேண்டும். "ஒரே டப்பாவில் எல்லாம் முடியும்" என்று சொல்லும் கடைக்காரர் பேச்சைக் கேட்டு பிரைமர் வாங்காமல் வந்தால், மிச்சமாவது அந்த ஒரு டப்பாக் காசுதான்.

முன்பக்கத்துப் பிளாஸ்டிக் வேறு இனம். ஏ.பி.எஸ். என்ற வகை. பழைய பெட்டிகளில் அது மஞ்சள் பூப்பதற்குக் காரணம் அழுக்கு அல்ல. பிளாஸ்டிக்கில் தீப்பிடிக்காமல் இருப்பதற்காக, புரோமின் கலந்த பொருளைச் சேர்த்திருந்தார்கள். அதில் வெயில் பட்டால் மஞ்சளாகும். சோப்பு போட்டால் போகாது. பெயிண்ட் அடித்தால் மறைந்துவிடும்.

ஆனால் அசிட்டோன் நிறைந்த பெயிண்ட் பட்டால் இந்தப் பிளாஸ்டிக் கரையும்! கண்ணுக்குத் தெரியாத உள்பக்கத்தில் துளி அடித்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே அடிக்கவேண்டும். பிளாஸ்டிக்குக்கு என்றே தனிப் பிரைமர் உண்டு. பட்டனையும் விளக்கு ஓட்டையையும் டேப்பால் மூடவேண்டும். இல்லாவிட்டால் பட்டன் ஒட்டிக்கொண்டு, கம்ப்யூட்டரை எழுப்பவே முடியாது.

டக் டக்

டப்பாவைக் குலுக்கினால் "டக், டக்" என்று சத்தம் வரும். உள்ளே ஒரு சிறு குண்டு இருக்கிறது. அடியில் படிந்த வண்ணத்தை அதுதான் கலக்குகிறது. சத்தம் கேட்க ஆரம்பித்ததும் நிறுத்திவிடக் கூடாது. அதற்குப் பிறகும் ஒரு நிமிடம் குலுக்கவேண்டும். சரியாகக் கலக்காத டப்பா முதலில் தண்ணீர் போலவும், கடைசியில் சேறு போலவும் அடிக்கும்.

டப்பாவுக்குள் காஸ் திரவமாகப் பெயிண்டோடு கலந்து இருக்கிறது. அழுத்தியதும் இரண்டும் சேர்ந்து வெளியே வருகின்றன. வெளியே வந்த கணமே திரவ காஸ் கொதித்து ஆவியாகிறது. அந்த வேகத்தில் பெயிண்ட் தூள் தூளாகச் சிதறுகிறது. அதுதான் அந்தப் புகை! காஸ் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் அடிக்க அடிக்க டப்பா கையில் சில்லிடுகிறது.

தகட்டுக்கும் டப்பாவுக்கும் ஒரு சாண் தூரம் இருக்கவேண்டும். அதற்கு மேல் இரண்டு விரல் கூட இருக்கலாம். கிட்டே போனால் வழியும். தூரம் போனால், துளிகள் நடுவழியிலேயே காய்ந்து, மணல் தூவியது போல் சொரசொரப்பாக விழும்.

கையை ஓர் இடத்தில் நிறுத்தக்கூடாது. கோலத்தில் நீளக் கோடு இழுக்கும் கையைப் பார்த்தால் இது புரியும். அந்தக் கை நடுவில் நிற்பதே இல்லை. தகட்டுக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, குறுக்கே போய், மறுபக்கம் தாண்டிய பிறகுதான் விரலை எடுக்கவேண்டும். அடுத்த வரிசை, முந்தைய வரிசையின் பாதியை மூடவேண்டும்.

முதல் பூச்சில் பழைய நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும். பையனுக்குப் பொறுக்காது. மறுபடியும் அங்கேயே அடிப்பான். வழியும்! திட்டாகத் தெரிந்தால் தெரியட்டும். பத்து, பதினைந்து நிமிடம் விட்டு இரண்டாவது பூச்சு. பிறகு மூன்றாவது. மெல்லிய மூன்று பூச்சு, கனத்த ஒரு பூச்சைவிட மேல்.

வழிந்துவிட்டால்? விரலால் துடைக்கக்கூடாது. அப்படியே விட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டுச் சமன் செய்து, மேலே ஒரு பூச்சு அடித்தால் தெரியாது.

மழை நாள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடக்கூடாது. சில வகைப் பெயிண்டில் வெள்ளை மூட்டம் போடும். கரைப்பான் ஆவியாகும்போது தகடு குளிர்கிறது. ஈரக் காற்று அதன் மேல் பனித்துளியாகப் படிகிறது. அந்த ஈரம்தான் பெயிண்டில் சிக்கி வெள்ளையாகத் தெரிகிறது. கறுப்பு அடித்தவர்களுக்குக் கஞ்சி தெளித்தது போல் இருக்கும்.

சித்திரை வெயிலும் ஆகாது. உச்சிப் பொழுதில் இரும்புத் தகட்டில் கை வைக்க முடியாது. அதில் பெயிண்ட் பரவுவதற்கு முன்பே காய்ந்துவிடும். வெயில் நாளில் காலை ஏழு, எட்டு மணிக்குள் அடிப்பது நல்லது. டப்பாவையும் வெயிலில் வைக்கக்கூடாது. 50 டிகிரிக்கு மேல் சூடு கூடாது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும். கதவு மூடிய காருக்குள் கோடை நாளில் அதைவிடச் சூடு ஏறலாம்.

காய்வது வேறு, இறுகுவது வேறு

மாலையில் தொட்டுப் பார்த்தால் பெயிண்ட் ஒட்டாது. "காய்ந்துவிட்டது, மாட்டிவிடலாம்" என்பான் பையன். காய்ந்தது மேல்தோல் மட்டும்தான். அடியில் இன்னும் மெதுவாக இருக்கிறது. அப்போது மாட்டினால் திருகாணி பட்ட இடம் நசுங்கும். விரல் ரேகை அப்படியே பதிந்துவிடும்.

ஒருநாள் முழுவதும் தொடக்கூடாது. நன்றாக இறுக ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரமும் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது! இதை முதலிலேயே எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டும். பரீட்சை மாதத்தில் இந்த வேலையை ஆரம்பித்த வீட்டில் சண்டை நிச்சயம்.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு தந்திரம் உண்டு. தகட்டுக்கு அடிக்கும்போதே பக்கத்தில் ஒரு பழைய டின் மூடியை வைத்து அதற்கும் அடித்துவிட வேண்டும். நகத்தால் கீறிப் பார்ப்பது எல்லாம் அந்த மூடியில்தான். மூடியில் நகம் பதியாவிட்டால் தகட்டிலும் பதியாது.

இன்னும் ஒரு பொல்லாத விஷயம். முதல் நாள் அடித்துவிட்டு, "போதவில்லை" என்று மறுநாள் காலையில் மறுபடி அடித்தால், சிலவகைப் பெயிண்ட் சுருங்கிக் கிழவன் தோல் போல் ஆகிவிடும்! பாதி இறுகிய பழைய பூச்சைப் புதுப் பூச்சின் கரைப்பான் ஊறவைத்து உப்பவைப்பதே காரணம். ஒரு மணி நேரத்துக்குள் அடி. இல்லாவிட்டால் இரண்டு நாள் கழித்து அடி என்று சில டப்பாக்களில் போட்டிருக்கும். கணக்கு டப்பாவுக்கு டப்பா மாறும். வாங்கியதும் அந்தப் பொடி எழுத்தைப் படித்துவிட வேண்டும்.

கறுப்பு அடித்தால் கம்ப்யூட்டர் சூடாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்கு வெயில் இல்லை. உள்சூட்டை வெளியே தள்ளுவது விசிறிதான். நிறத்தினால் சொல்லும்படியான வித்தியாசம் வராது. விசிறி ஓட்டைகளைப் பெயிண்ட் அடைத்தால்தான் சூடாகும். பளபளக்கும் கறுப்பில் கீறலும் தூசியும் பளிச்சென்று தெரியும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்குச் சாம்பல் நிறம் தேவலை.

இவ்வளவு பாடு எதற்கு என்று நினைப்பவர்களுக்கு வேறு வழி உண்டு. மோட்டார் சைக்கிளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் தகடுகளைக் கொடுத்தால், கம்ப்ரசர் வைத்து வழவழப்பாக அடித்துத் தருவார்கள். வேலை சுத்தமாக இருக்கும். என்ன இருந்தாலும் பையன் தானே அடித்தது போல் ஆகாது.

காலி டப்பா

வேலை முடிந்ததும் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு, மூன்று வினாடி அழுத்தவேண்டும். அப்போது காஸ் மட்டும் வந்து மூக்குத் துளையைச் சுத்தம் செய்துவிடும். மிச்சப் பெயிண்ட் அடுத்த தடவைக்கு ஆகும். அடுப்பு இருக்கும் அறையில் அதை வைக்கக்கூடாது.

காலி டப்பா என்றாலும் உள்ளே காஸ் மிச்சம் இருக்கும். ஆணியால் குத்தக்கூடாது. குப்பையோடு சேர்த்துக் கொளுத்தினால் வெடிக்கும். போகிப் பண்டிகையன்று பழைய பொருள்களை எரிக்கும் வீட்டார் இதைக் கவனிக்கவேண்டும். குப்பை எடுக்க வருகிறவரிடம், "இது பெயிண்ட் டப்பா" என்று சொல்லித் தனியாகக் கொடுக்கவேண்டும்.

ஒரு வாரம் ஆகிவிட்டது. டின் மூடியில் நகம் பதியவில்லை. இனிப் பூட்டலாம். டேப்புகளை எல்லாம் உரித்தாகிவிட்டதா என்று பார்க்கவேண்டும். எடுத்து வைத்த படத்தைப் பார்த்து ஒயர்களைச் சொருகவேண்டும். விசிறியைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்க்கவேண்டும். பக்கத் தகடுகளை மாட்டித் திருகாணிகளைப் போடவேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு, கிண்ணத்தில் ஒரு திருகாணி மிஞ்சும். எந்த வீட்டிலும் மிஞ்சும்! "பரவாயில்லை" என்று பையன் பிளக்கை எடுப்பான். அப்போது அப்பா அவன் கையைப் பிடிக்கவேண்டும். அது எந்த இடத்துத் திருகாணி? அதற்கு ஜோடியாக இன்னொன்று எந்திரப் பலகைக்கு அடியில் உருண்டு கிடக்கிறதா? கிடந்தால், மின்சாரம் வந்ததும் பலகை கருகிவிடும். தகட்டை மறுபடி கழற்றி, பெட்டியை மெல்லச் சாய்த்து, காது கொடுத்துக் கேட்கவேண்டும். உள்ளே ஏதாவது உருளும் சத்தம் வருகிறதா? வரவில்லையா? இப்போது பிளக்கைச் சொருகலாம்.